லிட்டருக்கு எழுபத்தெட்டு

பிப்ரவரி 1

தொட்டிகளில் இருந்த எண்களை இன்று சுரண்டி எடுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்த இறால் குஞ்சு ஹேச்சரி தொடங்கிய நாளிலிருந்து இருந்தவை. அந்த இடத்தில் நீலப் பெயின்டில் பெயர்கள். தேசிங்கு. நிஜாம். சுகவனம். இளம்பரிதி.

இளம்பரிதி என்ற என் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

முன்பெல்லாம் "மூணுல காத்து கம்மி" என்று யாராவது கத்துவோம். பக்கத்தில் நிற்கிறவர் போய்க் காற்றுக் குழாயைத் திருகுவார். தொட்டி யாருடையது என்ற கேள்வியே இல்லை. இன்று தேசிங்கு அண்ணன் புதுமுறையில் கத்திப் பார்த்தார். "நிஜாமுக்குக் காத்து கம்மியா இருக்குதுபா." எல்லோரும் சிரித்தோம். புது மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். அவரும் சிரித்தார். எங்கள் சிரிப்பு முடிவதற்குள், "இனிமே ஷெட்டுக்குள்ள கூப்பிட்டுப் பேச வேண்டாம்," என்றார். "அவங்கவங்க தொட்டி, அவங்கவங்க பொறுப்பு."

கோதண்டபாணி சார் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுகிறார்.

பிப்ரவரி 2

இறால் குஞ்சுகளை இறக்கினோம். தொட்டிக்குப் பத்து லட்சம். இப்போது தண்ணீரில் மிதக்கும் தூசி மாதிரி இருக்கின்றன. பதினெட்டு நாளில் கண்ணிமை முடி நீளம் வரும். அப்போது பண்ணைக்காரர்கள் பாலிதீன் பைகளில் வாங்கிப்போவார்கள். அதுவரை இவற்றை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை.

பத்து லட்சத்தை யாரால் எண்ண முடியும். ஒரு லிட்டர் பீக்கரில் மொண்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதில் இருப்பதை எண்ணுவோம். இன்று லிட்டருக்கு நூறு.

சார் விதிகளைச் சொன்னார். காலை ஏழு மணிக்கு அவரவர் தொட்டி முன்னால் நிற்க வேண்டும். எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் அந்தத் தொட்டி கழிவு. அடுத்தவர் தொட்டியை எட்டிப் பார்க்கக் கூடாது. வாளி, பீக்கர் எதுவாக இருந்தாலும் அயோடின் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். "இல்லைன்னா நோய் பரவும்," என்றார். உண்மைதான். அவர் சொல்வதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே உண்மையாக இருக்கிறது.

நிஜாமும் நானும் ஒரே அறை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஒன்றாகப் படித்தோம். இந்த வேலைக்கு அவனைக் கூப்பிட்டது நான். அவனுக்குச் சவுதியில் ஒரு இறால் பண்ணையில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு காகிதம்தான் பாக்கி. இரண்டு வருடம் வேலை செய்தான், நடத்தை நன்று என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். இருபதாம் தேதிக்குள் மும்பை ஏஜென்ட் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பதினாறு மாதமாக இதற்கு அலைகிறான்.

"பதினஞ்சாம் தேதி போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காருடா," என்றான். "அதுவரைக்கும் என் தொட்டி நல்லா இருந்தாப் போதும்."

பிப்ரவரி 3

தொண்ணூற்றாறு. எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல்.

லுங்கி துவைத்தேன். இந்த உப்புக்காற்றில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை.

பிப்ரவரி 5

சுகவனம் அறுபத்தெட்டு என்றான்.

சொல்லும்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய நாள் மாதிரியே பேசினான். "சார், கொஞ்சம் சோர்வா இருக்கு. குடல்ல தீனியே இல்ல. என்னன்னு பாக்கணும்."

சார் தலையாட்டினார். "திறந்துடுங்க."

"மருந்து போட்டு ரெண்டு நாள் பாக்கலாம் சார்."

"நீங்கதான் திறக்கணும்."

கெட்ட தொட்டியைக் கழிப்பது எங்களுக்குப் புதிதில்லை. பழைய மேனேஜர் காலத்தில் மாதம் ஒன்று போகும். யாராவது ஒருவர் குளோரினைக் கொட்டுவார், வடிகாலைத் திறப்பார், மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். தண்ணீர் போவதை யாரும் நின்று பார்த்ததில்லை. இன்று பார்த்தோம். பத்து டன் தண்ணீர் வடிய ஐம்பது நிமிடம் ஆகிறது. நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. சுகவனம் வடிகால் வால்விலிருந்து கையை எடுக்காமல் குந்தியிருந்தான். எடுக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை போல.

"சரியா வேலை செய்யறவங்க பயப்பட வேண்டாம்," என்றார் சார், கடைசிச் சொட்டுக்குப் பிறகு.

கணக்கு முடித்து அனுப்பினார்கள். மதிய பஸ்ஸில் சுகவனம் போய்விட்டான். சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி உட்காரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

எண்பத்தொன்று என்றேன்.

பீக்கரில் சில நகரவில்லை. அவற்றையும் சேர்த்துத்தான் எண்ணினேன். நகராதது எல்லாம் செத்தது என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 7

நன்றாகத் தின்கிற குஞ்சுக்குப் பின்னால் மெல்லிய நூல் ஒன்று இழுபடும். அதன் கழிவு. பீக்கரைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். என் தொட்டியில் நூல் இல்லை. மூன்று பீக்கர் பார்த்தேன்.

ரெஜினா அக்காவிடம் காட்ட எடுத்துப்போனேன். குஞ்சுகளுக்குத் தீனியாகும் பாசியை வளர்ப்பவர் அவர். நுண்ணோக்கியும் அவர் அறையில்தான். கதவுவரை போய்விட்டேன். அவர் பார்த்தால் பதிவேட்டில் எழுதுவார். எழுதினால் சார் படிப்பார். வெளிக்குழாயடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

நாளையிலிருந்து தானே மொண்டு பார்க்கப்போவதாகச் சார் சொல்லியிருக்கிறார். கடைசிப் பீக்கரில் அறுபத்துமூன்று.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வாளி இரண்டு சுமந்தேன். தோள் வலிக்கிறது. தைலம் நிஜாமிடம் இருக்கிறது. கேட்கவில்லை.

பிப்ரவரி 8

சார் என் தொட்டியில் மொண்டார். எழுபத்தொன்பது.

"நல்லா வெச்சிருக்கீங்க, பரிதி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9

பாடத்தில் இருக்கிறது. காற்றை நிறுத்திவிட்டுத் தொட்டியின் மூலையில் விளக்கைப் பிடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வரும். வலுவானவை முதலில். வலுவில்லாதவை அடியிலேயே கிடக்கும். ஐந்து நிமிடத்தில் மூலை கஞ்சி மாதிரி ஆகிவிடும். வாளியால் அள்ளலாம். இரண்டாம் பருவத் தேர்வில் கேட்டார்கள். எனக்கு முழு மதிப்பெண்.

அப்படி அள்ளினால் போவது அந்தத் தொட்டியின் வலுவான குஞ்சுகள். இது பாடத்தில் இல்லை.

வாளியை அயோடினில் முக்கினேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முக்கியிருப்பேன். கை பழகிய காரியம்.

நிஜாம் இன்று எழுபத்தாறு. நேற்று முன்தினம் எண்பத்தாறு இருந்தது. இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. "வயிறு சரியில்லைடா," என்றான். அவன் தட்டையும் நான் கழுவினேன்.

பிப்ரவரி 10

நிஜாம் எழுபத்தொன்பது. நான் எழுபத்தேழு. தேசிங்கு அண்ணன் எண்பது.

ரெஜினா அக்கா வழியில் நிறுத்தினார். ஷெட்டுக்கும் பாசி அறைக்கும் நடுவே, மோட்டார் ஓடுகிற இடத்தில். சத்தம் அதிகம் என்பதால்தான் அங்கே நிறுத்தினார் என்று பிறகு புரிந்தது.

"நான் குடுக்கற பாசி அப்படியே கிடக்குது. தண்ணி பச்சையா இருக்கு. யாரும் தின்னலையே."

"கொஞ்சம் மந்தமா இருக்கும்க்கா."

"மூணு தொட்டியுமா?"

நான் மோட்டாரைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் எழுதல, தம்பி. தின்னுடுச்சுன்னுதான் எழுதியிருக்கேன். மிச்சம் வர்றதைச் சாக்கடையில ஊத்திடறேன். உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். அவ்ளோதான்."

இரண்டு குடம் பாசியைச் சுமந்துகொண்டு போனார். யாரும் தின்னாத தீனியை மூன்று நாளாக நல்ல கவனத்தோடு வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 11

மதியம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பாதியில் எழுந்து ஷெட்டுக்கு வந்தேன். என் தொட்டியில் காற்றுச் சத்தம் நின்றிருந்தது. மூலையில் விளக்கு. தேசிங்கு அண்ணன் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். பதினான்கு வருடம் இந்த வேலையில் இருக்கும் மனிதர். வாளியைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார்.

நான் வாசலில் தொங்கும் தார்ப்பாயை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால், நீ எங்கே அள்ளினாய் என்று அவர் கேட்டிருப்பார்.

திரும்பிப் போனபோது காற்று ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டியிருந்தார்.

பிப்ரவரி 12

எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. எழுபத்தேழு.

சார் எப்போதும் வாசல் பக்கத்து மூலையில்தான் மொள்வார். ஆறே முக்காலுக்கு அந்த மூலையில் விளக்கைப் பிடித்தால் போதும். மிச்சமிருக்கும் குஞ்சுகள் அங்கே வந்து கூடும். நான் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். காலையில் மூன்று தொட்டியிலும் வாசல் மூலையில் விளக்கு எரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தொட்டியின் நடுவில் மொண்டால் எனக்குப் பத்தொன்பது வருகிறது.

சார் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவந்திருந்தார். "இந்தக் கரையில நாலு ஹேச்சரியில இந்தச் சுத்துக் குஞ்சு மொத்தமும் போயிடுச்சு. நம்மகிட்ட மூணு தொட்டி நிக்குது. ஏன்னு யோசிச்சுப் பாருங்க." மைசூர்பா. ஆளுக்கு இரண்டு. நின்றபடியே தின்றோம். நெய் வாசனை கையில் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 13

எழுதிவைக்கிறேன். இந்த நோட்டிலாவது.

சாயங்காலம் ரோட்டோர டீக்கடைக்கு நிஜாம் கூப்பிட்டான். தேசிங்கு அண்ணனையும் கூப்பிட்டிருந்தான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையை எங்கே வைப்பது என்பதே மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே," என்றான் நிஜாம். "உங்க தொட்டியில நான் அள்ளிட்டேன். மூணு தடவ."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்டயா? நான் பரிதிகிட்ட அள்ளினேன்பா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் நிஜாம்கிட்ட," என்றேன். "ஏழாம் தேதியே."

தேசிங்கு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "த்தூ. மூணு பேரும் ஒருத்தன் சட்டைய ஒருத்தன் உருவி மாட்டிக்கினு நின்னுருக்கோம். அந்தாளு மைசூர்பா வேற குடுக்கறான்."

நிஜாம் சிரிக்கவில்லை. "ஏழாம் தேதி என் தொட்டி நல்லா இருந்துச்சு," என்றான். "எட்டுலேர்ந்துதான் இறங்குச்சு." வாளியைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அன்று வாளியை அயோடினில் முக்கவில்லை. அவசரம். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். என் தொட்டித் தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் தொட்டிக்குள் விட்டேன். அங்கிருந்து அண்ணன் தொட்டிக்குப் போயிருக்கிறது. அண்ணன் வாளியோடு சுற்றி மறுபடி என்னிடம்.

முடிவு செய்தோம். நாளைக் காலை விளக்கு வேண்டாம். மூன்று பேரும் உண்மை எண்ணைச் சொல்லிவிடுவது.

"என் சான்றிதழ்?" என்றான் நிஜாம்.

"ஒரு தொட்டி போனா ஆள் தப்புன்னுவான்," என்றார் அண்ணன். "மூணும் போனா நோவுன்னுதான சொல்லணும். மூணு பேரையும் ஒரே நாள்ல அனுப்பிட்டு இவன் என்னா, ஒண்டியா வாளி தூக்குவானா?"

சரியாகப் பட்டது. இப்போதும் சரியாகத்தான் படுகிறது.

பிப்ரவரி 14

ஏழு மணி. விளக்குகள் இல்லை.

"தேசிங்கு," என்றார் சார்.

"பதினொண்ணு."

சார் அசையவில்லை. "நிஜாம்?"

"ஒம்பது சார்." அவன் குரல் தெளிவாக இருந்தது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். சிரிப்பு மாதிரி ஏதோ முகத்தில்.

"பரிதி?"

அவர் என்னை அதட்டவில்லை. ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. கையில் பேனா, பதிவேடு. பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.

"எழுபத்தெட்டு," என்றேன்.

என் வாய் சொன்னது. நான் நாலு என்று சொல்லத்தான் நின்றிருந்தேன்.

சார் என் தொட்டிக்கு வந்தார். மொண்டார். பீக்கரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெறும் தண்ணீர். இரண்டோ மூன்றோ கீழே சுற்றிக்கொண்டிருந்தன. நெடுநேரம் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன், நிம்மதியாகக்கூட இருந்தது.

பீக்கரைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். பதிவேட்டில் எழுதினார்.

"எழுபத்தெட்டு," என்றார். பிறகு அவர்கள் இருவரிடமும், அதே மெல்லிய குரலில்: "அதே தண்ணி. அதே தீனி. அதே காத்து. பாத்துக்குங்க. திறந்துடுங்க."

இரண்டு வடிகாலும் ஒன்றாக ஓடினால் தண்ணீர்ச் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 15

தேசிங்கு அண்ணன் நேற்றே போய்விட்டார். நிஜாம் போகவில்லை. மதிய பஸ் வரவில்லை. இரவு அவன் கட்டிலில் அவன், என் கட்டிலில் நான். காலையில் பையைக் கட்டினான்.

"எவ்ளோ இருந்துச்சு?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"நாலு."

"லிட்டருக்கா?"

"ஆமா."

போர்வையை மடித்து வைத்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். "நான் உன் இடத்துல கடைசியா நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு நைட்டெல்லாம் யோசிச்சேன்டா. தெரியல. அதான் உன்னை அடிக்கல."

சான்றிதழ் கேட்கப் போனானாம். 'பணியில் கவனக்குறைவு' என்றுதான் எழுத முடியும் என்று சார் சொல்லிவிட்டார். மரியாதையாக. உட்காரச் சொல்லி.

தைலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிப்ரவரி 16

எழுபத்தெட்டு என்று சொன்னேன். மொள்ளவே இல்லை. அவரும் எழுதிக்கொண்டார்.

ஏழரைக்குச் சார் முதலாளிக்கு ஃபோன் செய்வார். சென்னையிலிருக்கிறார் முதலாளி. இன்று அறைக்கு வெளியே நின்று கேட்டேன். "சார். ஆமாங்க சார். எழுபத்தெட்டுங்க சார். இல்லைங்க, நீங்க சொன்ன மாதிரியேதான் சார்." இந்தக் குரலை எனக்குத் தெரியும். என்னுடையது.

ஃபோனை வைக்கும்வரை நின்று, உள்ளே போனேன். அனுமதி கேட்கவில்லை.

"பீக்கரை நீங்க பாத்தீங்க சார்."

மேசையில் கையை வைத்திருந்தார். கட்டைவிரலைச் சுற்றி நகத்தைக் கடித்துக் கடித்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஐந்து வாரமாக அந்தக் கையில் பேனாவைத்தான் பார்த்திருக்கிறேன்.

"வந்த முதல் சுத்து இது, பரிதி," என்றார். "ஒரு தொட்டியாவது நிக்கணும். போன இடத்துல எனக்கு..." நிறுத்திவிட்டார். "உங்களுக்கு என்ன வேணும்?"

இதற்கு முன் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி.

"நிஜாமுக்குச் சான்றிதழ். நடத்தை நன்று. தேசிங்கு அண்ணனுக்கும்."

"குடுத்தா?"

"நான் தினமும் எழுபத்தெட்டுன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தேன். அவர் பயப்படுகிறார் என்று தெரிந்தால் என் பயம் போய்விடும் என்று எப்போதோ நினைத்திருந்தேன். போகவில்லை. இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. பயப்படுகிறவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 17

இரண்டு சான்றிதழும் கைக்கு வந்தன. மரக்காணம் போய் மும்பைக்குக் கூரியர் அனுப்பினேன். தேசிங்கு அண்ணன் வீட்டிலும் கொடுத்தேன். அவர் மனைவிதான் வாங்கினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

நிஜாமுக்குச் செய்தி அனுப்பினேன். இரவு பதில் வந்தது. "ஏஜென்ட் நம்ம ஹேச்சரிக்கு ஃபோன் பண்ணி விசாரிப்பாங்க. அதுல ஓகே ஆனாத்தான்." வேறு ஒன்றும் இல்லை.

ஆக, அந்த அழைப்பு வரும்வரை எழுபத்தெட்டு. அதற்குள் உண்மை வெளிவந்தால் சார் ஃபோனில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிப்ரவரி 18

காலியான தொட்டிக்கு நாலு வேளை தீனி போட்டேன். காற்றைச் சரிபார்த்தேன். அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். உப்பளவு பார்த்து எழுதினேன். எந்தத் தொட்டிக்கும் இவ்வளவு ஒழுங்காக நான் வேலை செய்ததில்லை.

"யாருக்குப்பா ஊத்தற?" என்றார் ரெஜினா அக்கா, பாசிக் குடத்தை நீட்டிக்கொண்டே.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் பக்கத்தில். வாளியையும் சொன்னேன். அலுவலக ஃபோனின் இன்னொரு இணைப்பு பாசி அறையில் அவர் மேசையில் இருக்கிறது. சார் அறையில் இல்லாதபோது அவர்தான் எடுப்பார். மும்பையிலிருந்து வந்தால் நிஜாமைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"என்னை இதுல இழுக்காத," என்றார். "நான் இன்னும் பதினாலு வருஷம் வேலை பாக்கணும். பாசியை ஊத்தச் சொன்னா ஊத்தறேன். அதுக்கு மேல வேணாம், சாமி." குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். கை துடைத்துக்கொண்டே போனார், ஈரமில்லாத கையை.

பிப்ரவரி 19

அழைப்பு வரவில்லை.

நாளை அறுவடை. முதலாளியே வருகிறார், வேதாரண்யத்துப் பண்ணைக்காரர் ஒருவரோடு.

சார் மாலை ஷெட்டுக்கு வந்தார். தொட்டியை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "ராத்திரியில மொத்தமா செத்துடுச்சுன்னு சொல்லலாம்," என்றார். "காத்து நின்னுபோச்சுன்னு. நீங்க தூங்கிட்டீங்கன்னு."

"நானா சார்?"

"யாராவது ஒருத்தர் தூங்கியிருக்கணும் இல்லையா."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 20, புதுச்சேரி பஸ்ஸில்

பஸ் குலுக்கலில் எழுத்து கோணலாக வருகிறது.

பத்தரைக்குக் கார் வந்தது. முதலாளி நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் பண்ணைக்காரர், பை நிரப்ப இரண்டு ஆட்கள், ஆக்சிஜன் சிலிண்டர். சார் வெள்ளைச் சட்டையில், தொட்டிக்கு அந்தப் பக்கம்.

"எவ்வளவுப்பா நிக்குது?" என்றார் முதலாளி. என்னிடம்தான்.

சார் என்னைப் பார்த்தார். தூங்கிவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நான் மட்டும் போவேன், அழைப்பு எப்போது வந்தாலும் சார் சொன்னபடி பேசுவார். அல்லது பேசமாட்டார். உறுதி எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் கண்டிப்பாகப் பேசமாட்டார். ஏஜென்ட்டுக்கு இன்றுதான் கடைசி நாள்.

பீக்கரை எடுத்து அயோடினில் முக்கினேன். உதறினேன். மறுபடி முக்கினேன்.

"மொண்டு காட்டுப்பா," என்றார் முதலாளி.

"இதோ சார்." கையை முக்கினேன். முழங்கை வரைக்கும். பழுப்பு நிறம் தோலில் ஏறியது. பீக்கரை மறுபடி எடுத்தேன்.

"என்னய்யா இவன், கழுவிக்கிட்டே இருக்கான்," என்றார் பண்ணைக்காரர். பை ஆட்களில் ஒருவர் சிரித்தார்.

"பரிதி," என்றார் சார். மெல்லத்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கலாம். முதலாளி தானே பீக்கரை வாங்கக் கையை நீட்டினார். அப்போது தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ரெஜினா அக்கா வந்தார். ஷெட்டுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கால் கழுவும் தண்ணீரில் செருப்போடே நின்றார். மூச்சு வாங்கியது. முதலாளியைப் பார்க்கவில்லை, சாரைப் பார்க்கவில்லை.

"பாம்பேலேர்ந்து ஃபோன் வந்துச்சு, தம்பி. நிஜாமைப் பத்திக் கேட்டாங்க."

"யார் பேசினது?" என்றார் சார்.

"நான்தான். ஆபீஸ்லேர்ந்து பேசறேன்னு சொன்னேன். நல்ல பையன், கவனமான பையன்னு சொன்னேன். சரின்னு வெச்சுட்டாங்க." கண் கலங்கியிருந்தது. பயத்தில்தான். திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்.

நான் பீக்கரோடு தொட்டியைச் சுற்றிப் போனேன். வாசல் மூலையைத் தாண்டி, எட்டுகிற அளவுக்கு நடுவே கையை நீட்டி மொண்டேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

"ரெண்டு," என்றேன்.